நாடக வகுப்புக்கு என்னென்ன கற்றல் இலக்குகள் எழுதலாம்?

ஓமலூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறீர்கள். இந்த ஆண்டு 6, 7, 8 வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை நாடகத்துக்கென்று கிடைத்திருக்கிறது. "வெறும் விளையாட்டா போயிடக் கூடாது டீச்சர், கற்றல் இலக்கு எழுதிக் கொடுங்க" என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். தன்னம்பிக்கை வளர்தல், கூச்சம் போதல், குழுவாகச் செயல்படுதல் என்று மூன்று வரி எழுதியதும் பேனா நின்றுவிட்டது, மேற்கொண்டு என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சேலம் மாவட்டப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக நாடகப் பயிற்சி நடத்திவருகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று வரியையும் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆசைகள் என்ற வகையில் அவை நல்லவைதான். ஆனால் வகுப்பு முடிந்து மணி அடிக்கும்போது, உட்கார்ந்திருக்கும் முப்பத்தைந்து பிள்ளைகளில் யாருக்குத் தன்னம்பிக்கை வளர்ந்தது, யாருக்கு வளரவில்லை என்று உங்களால் சொல்ல முடியாது. சத்தமாகப் பேசுகிற பையனுக்கு வந்துவிட்டது என்றும் வாய் திறக்காத பெண்ணுக்கு வரவில்லை என்றும் எழுதிவிடுவோம். பல நேரம் அது தப்பாகவே இருக்கும். பிள்ளை செய்வதைக் கண்ணெதிரே பார்த்து "இது வந்துவிட்டது, இது இன்னும் வரவில்லை" என்று சொல்ல முடிந்தால்தான் அது இலக்கு.

நான் முதல் இலக்காக எழுதச் சொல்வது இது: எதிரில் நடிப்பவர் பேசி முடிக்கும்வரை அவரைப் பார்த்துக் கேட்டு, அவர் அந்த நேரத்தில் சொன்னதற்குப் பதில் சொல்வார். ஆறாம் வகுப்பின் முதல் பருவம் முழுவதற்கும் இந்த ஒன்றே போதும். பேசக் கற்பிப்பதற்கு முன்னால் கேட்கக் கற்பிக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்தில் பள்ளி நாடகம் என்றாலே ஆண்டுவிழா நாடகம்தான். வசனத்தை யாரோ பெரியவர்கள் பேசி, பின்னணி இசையோடு முன்கூட்டியே பதிவு செய்து பென்டிரைவில் கொண்டுவந்துவிடுகிறார்கள். மேடையில் பிள்ளைகள் வாடகை உடையும் ஒட்டு மீசையுமாக நின்று வாயசைக்கிறார்கள். ஒருவன் வாயசைப்பைத் தவறவிட்டாலும் ஸ்பீக்கர் நிற்காது. பக்கத்தில் நிற்பவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டிய தேவையே அந்தப் பிள்ளைக்கு இல்லை. மூன்று வாரம் ஒத்திகை பார்த்தும் அவன் நாடகத்தில் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான் சிறுவர் நாடகம் என்ற எண்ணத்துக்குப் சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பழைய பாய்ஸ் கம்பெனிகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நடத்திய காலத்தில் சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் கரைத்துப் புகட்டப்பட்டன. அங்கிருந்து பெரிய நடிகர்கள் வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது தொழிலுக்கான பயிற்சி. வாரம் ஒரு பாடவேளையில் உங்களிடம் வரும் பிள்ளைகள் எல்லோரும் நடிகர்களாகப் போவதில்லை.

கேட்பது என்றால் என்ன என்று ஒரு வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். காட்சி ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்குகிற பஸ். ஒரு பையன் கண்டக்டர். ஒரு பெண் கொய்யாக் கூடையோடு ஏறுகிற ஆயா. கூடைக்கு லக்கேஜ் போட வேண்டும் என்று கண்டக்டர் சொல்வார், ஆயா மறுப்பார், வாக்குவாதம் வரும் என்பதுதான் பிள்ளைகள் பேசி வைத்துக்கொண்டது. அந்தப் பெண் ஏறியதும் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுப்பதுபோல் எடுத்து நீட்டி, "இந்தா சாமி, காலைல சாப்பிட்டியோ என்னமோ" என்றாள். பையன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. "கூடைக்குத் தனியா டிக்கெட் எடுக்கணும்" என்று பேசி வைத்த வசனத்தைச் சொன்னான். வகுப்பு சிரித்தது. மறுபடி அதே இடத்திலிருந்து செய்யச் சொன்னேன். இந்த முறை அவள் நீட்டிய கையை அவன் பார்த்தான், பேசாமல் நின்றான், பிறகு பழத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "பழத்த வாங்கிட்டா லக்கேஜ் எப்படிக் கேப்பேன் ஆயா" என்றான். யாரும் எழுதித் தராத வசனம் அது. அவன் அந்த நேரத்தில் தயங்கினானே, அதைத்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அவனுக்கு இலக்கு வந்துவிட்டது.

அடுத்து உடம்பு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் பெரிய வசதி உண்டு. அம்மாபேட்டையிலும் ஜலகண்டாபுரத்திலும் தறிச் சத்தத்தோடு வளர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டிலேயே கொலுசுக்குக் கண்ணி கோர்ப்பதைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், ஜவ்வரிசி ஆலைக் களத்தில் அம்மாவோடு நின்றவர்கள் இருக்கிறார்கள். இலக்கை இப்படி எழுதலாம்: தான் நேரில் கவனித்த ஒரு வேலையை, பேச்சும் பொருளும் இல்லாமல், வரிசை மாறாமல் செய்து காட்டுவார், பார்ப்பவர்கள் அது என்ன வேலை என்று கண்டுபிடிப்பார்கள். தறி ஓட்டுகிற கை எவ்வளவு தூரம் போகிறது, நூல் அறுந்தால் கண் எங்கே போகிறது, முடிச்சுப் போட்டபின் மறுபடி கால் எப்போது அழுந்துகிறது என்பதையெல்லாம் பிள்ளை வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். தன் அப்பாவின் வேலையை முதல்முறையாக உற்றுக் கவனித்தேன் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்தக் கவனிப்பை வேறெந்தப் பாடமும் இப்படிக் கேட்டு வாங்குவதில்லை.

உணர்ச்சிக்கு வருவோம். "கோபமாக நடி" என்றால் பிள்ளைகள் புருவத்தைச் சுருக்கிப் பல்லைக் கடிப்பார்கள். "சோகமாக" என்றால் கையால் கண்ணைத் துடைப்பார்கள். இதிலிருந்து வெளியே கொண்டுவர வெளிநாட்டு முறை எதையும் தேட வேண்டியதில்லை. நீங்கள் தமிழாசிரியர், உணர்ச்சிகள் உடம்பில் வெளிப்படுவதைப் பற்றிச் சொல்லும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உங்களுக்குத் தெரிந்ததுதான். நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டைச் சொன்னதோடு அது நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எந்த நான்கிலிருந்து பிறக்கும் என்றும் சொல்கிறது. வெகுளி உறுப்பறை (உறுப்பைச் சிதைத்தல்), குடிகோள் (குடும்பத்துக்குக் கேடு செய்தல்), அலை (வருத்துதல்), கொலை என்ற நான்கிலிருந்து. அழுகை இளிவு (அவமானம்), இழவு (பறிகொடுத்தல்), அசைவு (நிலை தாழ்தல்), வறுமை என்ற நான்கிலிருந்து. அவமானத்தால் அழுவதும் பறிகொடுத்து அழுவதும் ஒன்றல்ல என்பதை அந்த நூற்பாவே பிரித்துக் காட்டிவிடுகிறது. ஏழாம் வகுப்புக்கு இலக்கு இப்படி இருக்கட்டும்: ஒரே உணர்ச்சியை இரண்டு வெவ்வேறு காரணங்களிலிருந்து நடித்துக் காட்டுவார், முகத்தை எப்படி வைப்பது என்று யோசிக்காமல், தனக்கு என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்குவார். சந்தையில் பர்ஸைத் தொலைத்தவள் அழுவதையும், வகுப்பில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவள் அழுவதையும் அடுத்தடுத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் பிள்ளைகள் பெரும்பாலும் முகத்தை மறைத்துக்கொள்வார்கள். அதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த இலக்கு தெருக்கூத்திலிருந்து எடுத்தது. நம் மாவட்டத்தில் எடப்பாடி, மேச்சேரி வட்டாரங்களில் இன்னும் விடிய விடியக் கூத்து நடக்கிறது, உங்கள் பிள்ளைகளில் பலர் பார்த்திருப்பார்கள். பெரிய வேஷம் சபைக்கு வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் நிற்கிற வேஷக்காரரைப் பார்த்து, தாங்கள் யார், எந்த ஊர், என்ன காரியமாக வந்தீர்கள் என்று கட்டியக்காரன், அதாவது கூத்தை நடத்திச் செல்கிற கோமாளி, கேட்பான். வந்தவர் தன்னைத்தானே சொல்லிக்கொள்வார். இதை வகுப்பறைக்குக் கொண்டுவர ஒரு பழைய புடவை போதும்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணை மேட்டூர் அணையாகத் திரைக்குப் பின்னால் நிறுத்தினோம். கட்டியக்காரன் கேட்டான், அவள் சொன்னாள்: நான் மேட்டூர் அணை, 1934-ல் கட்டி முடித்தார்கள், 120 அடிவரை தண்ணீர் தாங்குவேன், டெல்டா பூராவும் என்னை நம்பித்தான் நெல் போடுகிறது. இது பாடப்புத்தகத்திலேயே கிடைக்கும். பிறகு கட்டியக்காரன், அணைத் தண்ணீருக்குள் மூழ்கிப்போன ஊர்களைப் பற்றித் தானாகவே ஒன்று கேட்டான்: "தண்ணி கொறஞ்சா பண்ணவாடிப் பக்கம் கோயில் நந்தியும் சர்ச் கோபுரமும் தெரியுதே, அந்த ஊர்க்காரங்கல்லாம் எங்க போனாங்க?" அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்குத் தெரியல. என்னைக் கட்டும்போது அவங்ககிட்ட கேட்டாங்களான்னும் தெரியல" என்றாள். அணையாகவே நின்று சொன்னாள், குரல் மாறவில்லை, திரும்பி என்னைப் பார்க்கவில்லை. சமூக அறிவியல் ஆசிரியர் அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். இலக்காக எழுதும்போது: பாத்திரத்திலிருந்து விலகாமல், ஒத்திகை பார்க்காத மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்வார். "தெரியாது" என்பதும் பதில்தான், பாத்திரமாக நின்று சொன்னால்.

ஆசிரியர் தானே ஒரு வேஷம் ஏற்றுக் காட்சிக்குள் போவதை இங்கிலாந்தில் நாடகக் கல்வியாளர் டோரதி ஹீத்கோட் விரிவாகச் செய்து காட்டினார். அங்கே கோவென்ட்ரி நகரின் பெல்கிரேட் தியேட்டர் 1965-ல் நாடகத்தைக் கல்விக் கருவியாகப் பள்ளிகளுக்குள் கொண்டுபோனது. தில்லியில் தேசிய நாடகப் பள்ளி 1989-ல் இதற்கென்றே ஒரு குழுவைத் தொடங்கியது. கட்டியக்காரனாக நீங்களே ஒருமுறை நின்றால் வகுப்பில் ஏற்படும் மாற்றத்தைக் கவனியுங்கள். பதில் தெரிந்த ஆளாக இல்லாமல், கேள்வி மட்டும் கேட்கிற ஆளாக டீச்சர் நிற்பதைப் பிள்ளைகள் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

எட்டாம் வகுப்புக்கு மேடையையும் இடத்தையும் வையுங்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அரங்கத்தின் அளவையே தருகிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒரு கோல் என்பது இருபத்து நான்கு விரல். பெருவிரலின் அகலம் 2 செ.மீ. என்று கொண்டால் ஒரு கோல் 48 செ.மீ.; அரங்கம் 3.84 மீட்டர் நீளம், 3.36 மீட்டர் அகலம். உங்கள் வகுப்பறைக்குள்ளேயே அடங்கிவிடும். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரையச் சொல்லுங்கள். ஒரு பக்கத்திலிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இரு பக்கமிருந்தும் வந்து சேரும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி என்ற மூன்று திரைகளும் எங்கே தொங்கியிருக்கும் என்று பிள்ளைகளே வாதாடி முடிவு செய்யட்டும். கணக்குப் பாடமும் தமிழ்ப் பாடமும் இதில் இருக்கின்றன. நாடகத்துக்கான இலக்கு இது: கொடுக்கப்பட்ட இடத்தில் யார் எங்கே நின்றால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு எது தெரியும் என்று யோசித்து, ஒரு காட்சியை அமைத்துக் காட்டுவார்.

பார்க்கிறவர்களை மறக்கக் கூடாது. முப்பத்தைந்து பேர் இருக்கிற வகுப்பில் ஒரே நேரத்தில் ஆறு ஏழு பேர்தான் நடிக்க முடியும். மீதிப் பேருக்கு இலக்கு இல்லாவிட்டால் வகுப்பு சந்தைக்கடையாகிவிடும். அமெரிக்கப் பள்ளிகளுக்காக 2014-ல் வந்த கலைத் தரநிலைகள் உருவாக்குதல், நிகழ்த்துதல், எதிர்வினை ஆற்றுதல், தொடர்புபடுத்துதல் என்று நான்காகப் பிரிக்கின்றன. அவற்றில் பாதி மேடைக்கு வெளியே நடப்பது, இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படுகிறது. பார்ப்பவருக்கு எளிய இலக்கு ஒன்று: நன்றாக இருந்தது, இல்லை என்று சொல்வதற்கு முன், தான் பார்த்த ஒரு செயலையும் கேட்ட ஒரு வரியையும் அப்படியே சொல்வார். முதல் சில வாரங்கள் "சூப்பர் மிஸ்" என்பதைத் தாண்டி வராது. விடாமல் "என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருங்கள்.

இன்னொரு இலக்கை உங்களுக்கென்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டியதில்லை. வேஷம் யாருக்குப் போகிறது என்பது அது. ராஜா, பாரதமாதா, கலெக்டர் எல்லாம் சிவப்பாக, உயரமாக, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கும், துப்புரவுத் தொழிலாளி, திருடன், பிச்சைக்காரர் எல்லாம் மற்றவர்களுக்கும் போவதைப் பள்ளிக்குப் பள்ளி பார்க்கிறேன். பிள்ளைகள் இதை மறப்பதில்லை. நாடக வகுப்பே ஒரு பிள்ளையின் சாதியையும் நிறத்தையும் எல்லோர் முன்னாலும் சுட்டிக்காட்டுகிற இடமாகிவிட்டால், வேறெந்த இலக்கு நிறைவேறியும் பயனில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஒரே காட்சியைப் பாத்திரம் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு பருவத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையும் அதிகாரம் உள்ள ஒருவராகவும் அதிகாரம் இல்லாத ஒருவராகவும் ஒருமுறையாவது நின்றிருக்க வேண்டும். பேசவே விரும்பாத பிள்ளை இருந்தால் மழைச் சத்தம், பஸ் ஹாரன், தறி ஓசை என்று ஒலிகளைக் கொடுங்கள். சரியான நொடியில் ஒலி எழுப்ப நடிப்பவரைவிடக் கூர்மையாகக் கேட்க வேண்டும், எனவே முதல் இலக்கு அந்தப் பிள்ளைக்கும் நிறைவேறும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. ஏற்காட்டில் பழைய உறைவிடப் பள்ளிகளில் அரங்கமும் விளக்கும் இருக்கின்றன, ஆங்கில நாடகம் போடுகிறார்கள். அதே சேர்வராயன் மலையில் மலையாளி பழங்குடிப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளில் மேடை இல்லை, ஆனால் பாட்டும் ஆட்டமும் வீட்டிலிருந்தே வருகின்றன. இரண்டு இடத்திலும் ஒரே தடையைக் காண்கிறேன்: பிள்ளை வீட்டில் பேசுகிற பேச்சு மேடைக்கு ஏற வெட்கப்படுகிறது. முதல் ஆண்டு முழுக்க வீட்டுப் பேச்சிலேயே நடிக்க விடுங்கள். "போவுது, வருது" என்று பேசினால் திருத்தாதீர்கள். எட்டாம் வகுப்பில், ஒரே செய்தியை ஆயாவிடமும், தாசில்தார் அலுவலகத்திலும், கூத்தில் ராஜாவாகவும் மூன்று விதமாகப் பேசுவார் என்பதை இலக்காக வையுங்கள். செந்தமிழும் அதில் தானாகவே இடம் பிடித்துக்கொள்ளும்.

தலைமையாசிரியர் ஆதாரம் கேட்டால், 2005-ன் தேசியக் கலைத்திட்டச் சட்டகமே இசை, நடனம், காட்சிக்கலை, நாடகம் நான்கையும் பத்தாம் வகுப்புவரை கட்டாயமாக்கச் சொன்னது. 2024-ல் வந்த என்.சி.இ.ஆர்.டி.யின் ஆறாம் வகுப்புக் கலைக்கல்விப் புத்தகத்தில் நாடகத்துக்குத் தனிப் பகுதி உண்டு. நம் அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழாவும் நடக்கிறது. அந்தப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யுங்கள், ஆனால் உங்கள் பாடவேளையை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள். போட்டிக்குப் பத்துப் பேர் போவார்கள், மீதி இருபத்தைந்து பேர் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள்.

மதிப்பீட்டுக்குத் தனிப் பதிவேடு வேண்டாம். தமிழுக்கு வளரறி மதிப்பீடு (அ) இருக்கிறதல்லவா, அதன் செயல்பாடுகளில் ஒன்றாக இதைச் சேர்த்துவிடலாம். ஒரு வகுப்பில் ஐந்து பிள்ளைகளை மட்டும் கவனித்து, ஆளுக்கு ஒரு வரி தேதியோடு எழுதுங்கள்: "எதிராளி வசனத்தை மாற்றியபோது நின்று கேட்டுப் பதில் சொன்னான்." ஏழு வாரத்தில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். "நன்று", "மிக நன்று" என்று எழுதாதீர்கள். பெற்றோர் கூட்டத்தில் அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினால் அவர்களுக்குப் புரியும், மதிப்பெண் சொன்னால் புரியாது.

ஒருமுறை கூத்து வாத்தியார் ஒருவரைப் பள்ளிக்கு அழையுங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை கோயில் திருவிழாக் காலம், ராத்திரி முழுக்க ஆடிவிட்டுப் பகலில் தூங்குவார்கள். மழை மாதங்களில் ஆட்டம் குறைவு, அப்போது கேட்டால் வருவார்கள். முழுக் கதை ஆடச் சொல்லாதீர்கள். திரைப் பிரவேசம் ஒன்றும் இரண்டு ஆட்ட அடவும் சொல்லிக் கொடுத்தால் போதும். முகத்துக்கு அரிதாரம் பூசுவதைப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும். சம்பளத்தை முன்கூட்டியே பேசி, அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு, அவருக்கு அன்றைய கூலியும் பஸ் செலவும் வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னதாகவே சொல்லி அந்தத் தொகைக்கு ஒப்புதல் வாங்கி வையுங்கள்.